முப்பத்தோராவது ஓட்டு

எண்ணெய் மினுங்கும் மந்தாசிப் பணியாரம் இரண்டைக் காகிதத்தில் சுற்றி, நலியாகாவின் கையில் சிடுமா திணித்ததை மகோகா கணினிக் கூடத்தின் ஜன்னல் வழியே பார்த்துவிட்டான். அவள் சிரித்துக்கொண்டே பொட்டலத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"பாத்தியா? கூலி கைமாறுது," என்றான் பக்கத்தில் நின்ற வஞ்சாலாவிடம்.

"அவங்கம்மா காலேஜ் கேட் பக்கத்துல மந்தாசிக் கடை வெச்சிருக்காங்கடா. எல்லாருக்கும்தான் கொண்டு வரான். காலையில எனக்கும் குடுத்தான்."

மகோகா நண்பனை ஏற இறங்கப் பார்த்தான். "அப்ப நீயும் அவன் ஆளா?"

முந்தின நாள்தான் வகுப்புப் பிரதிநிதித் தேர்தல். போன பருவம் முழுக்க அந்தப் பதவியில் இருந்தவன் மகோகா. ஆசிரியர்கள் ஃபோன் போட்டு அழைப்பது அவனைத்தான். கூடத்துச் சாவி தொங்கியதும் அவன் இடுப்பில்தான். புங்கோமாவில் இருக்கும் தன் ஊர்ச் சர்ச் முழுக்க அவன் அம்மா அதைச் சொல்லி வைத்திருந்தாள்.

எதிர்த்து நின்றவன் சிடுமா. மகோகாவின் அப்பா பெயரும் அதுதான் என்பதால், குழப்பம் வேண்டாமென்று வகுப்பே இவனை மகோகா என்றும் அவனைச் சிடுமா என்றும் மட்டும் கூப்பிட்டுப் பழகியிருந்தது.

சீட்டு எழுதிப் போடுவதற்குப் பதிலாக, அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்த ஸ்கீம் என்ற கணினி மொழியில் நலியாகா ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதினாள். துணி மறைவுக்குள் ஒவ்வொருவராகப் போக வேண்டும். "யாருக்கு?" என்று திரை கேட்கும். பெயரை அடித்தால் "நன்றி" என்று சொல்லி ஓட்டைக் கூட்டிக்கொள்ளும்.

பதவியில் இருப்பவனே முதலில் ஓட்டுப் போடுவது வழக்கம். மகோகா போட்டுவிட்டு வந்தான். மற்றவர்களும் போட்டார்கள். மாலையில் திரை சொன்னது: மகோகா பதினைந்து, சிடுமா பதினாறு.

வகுப்பில் இருப்பதோ முப்பது பேர்.

"ஒரு கள்ள ஓட்டு விழுந்திருக்கு மேடம்," என்று இன்று எல்லோர் முன்னாலும் புகார்க் கடிதத்தை நீட்டினான் மகோகா. "அது இல்லேன்னா சமம். சமம்னா பழைய ஆளே தொடரணும்னு விதி இருக்கு. நலியாகாவை ஒழுங்கு கமிட்டிக்கு அனுப்புங்க."

கமிட்டிக்குப் போனால் அவளுடைய உதவித்தொகை போய்விடும். அது அவனுக்கும் தெரியும்.

விரிவுரையாளர் அவினோ கடிதத்தை மேசைமேல் வைத்தார். "மூணு வாரமா இதைத்தானே சொல்லிக் குடுக்கறேன்? ப்ரோகிராம் கணக்குப் போட்டு விடை மட்டும் சொன்னா வம்பில்ல. ஆளைக் கேட்டுப் பதில் வாங்கி, திரையில எழுதி, எண்ணிக்கையை மாத்தறதுன்னு வந்தா அதுக்கெல்லாம் பக்க விளைவு உண்டு. நலியாகா, நேத்து ஓடினது இதேதானா?"

"இதேதான் மேடம். ஒரு எழுத்துகூட மாத்தல."

"என் கண்ணு முன்னாடி ஓடட்டும். நேத்து முதல் ஆளு நான்தான். நேத்து செஞ்சதை அப்படியே செய்யறேன்," என்றான் மகோகா.

எண்ணிக்கையைப் பூஜ்ஜியமாக்கினார்கள். அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். விரல்களைச் சொடுக்கினான். சான்றிதழில் இருக்கிறபடி நிறுத்தி நிதானமாகத் தன் பெயரை அடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான்.

திரை "நன்றி" என்றது. மறுபடியும் "நன்றி" என்றது. நேற்றும் இப்படித்தான் இருமுறை வந்தது. பதவியில் இருப்பவனுக்குத் தனி மரியாதை போலும் என்று அவன் பூரித்திருந்தான்.

எண்ணிக்கையைக் கேட்டார்கள். மகோகா ஒன்று. சிடுமா ஒன்று.

"பாத்தீங்களா மேடம்!" மகோகா துள்ளி எழுந்தான். "கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன், அவனுக்குத் தன்னால ஏறுது! திருடி! அப்பவே சொன்னேன்ல?"

வகுப்பு கொந்தளித்தது. வஞ்சாலாகூடத் தலையைக் குனிந்துகொண்டான். நலியாகா வெளிறிய முகத்தோடு, தான் எழுதிய வரிகளையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

அவினோ மட்டும் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "மகோகா, என்ன அடிச்ச?"

"என் பேரைத்தான்."

"எப்படி?"

"முழுசா மேடம். மகோகா சிடுமா. அப்பா பேரை விட்டுட்டு நான் எங்கேயும் எழுதறதில்ல."

"ஒத்தப் பேர்தான் அடிக்கணும்னு கம்ப்யூட்டர் மேலேயே எழுதி ஒட்டியிருந்தேனே," என்றாள் நலியாகா ஈனக்குரலில்.

"அதெல்லாம் மத்தவங்களுக்கு!"

அவினோ பெருமூச்சு விட்டார். "'ரீட்'ங்கற கட்டளை ஒரு சொல்லைத்தான் படிக்கும். இடைவெளி வந்ததும் நின்னுடும். மிச்சச் சொல்லு வரிசையில காத்துக் கிடக்கும். அடுத்த தடவை 'யாருக்கு?'ன்னு கேட்டதுமே அதைப் பதிலா எடுத்துக்கும். எதிர்ல ஆள் இருக்கா இல்லையான்னு அதுக்கென்ன தெரியும்? இதை யோசிக்காம எழுதினது நலியாகாவோட தப்பு. ஆனா திருட்டு இல்ல."

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சிடுமா மெல்ல எழுந்து வந்து, மகோகாவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினான்.

"என்னை ஜெயிக்க வெச்ச ஓட்டு உன்னுதுடா!"