ஃபைண்ட், ஃபைண்ட் அவுட்

நாகப்பட்டினம் பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் கைருன்னிஸா சிலேட்டை அப்படியே போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். இறங்குகிற ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கடைசி ஆளும் இறங்கி, பஸ் புறப்பட்டுப் போன பிறகுதான் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"இன்னைக்கும் வரலியாம்மா?" என்று கேட்டாள் பங்கஜவல்லி டீச்சர்.

"வரலீங்க டீச்சர்."

வெளுத்துப் போன அந்த முகத்தைப் பார்க்க டீச்சருக்குப் பாவமாக இருந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. காரைக்காலில் பிரெஞ்சு படித்துப் பெரிய வேலை பார்த்தவர்கள்கூட இங்கிலீஷ் வாத்தியார் தேடி அலைந்த சமயம். தூரத்து உறவான ஆஸியா பீவியின் வீட்டில் தங்கியிருந்த கைருன்னிஸா, கொழும்பில் நர்ஸ் வேலைக்குப் போக வேண்டும், இங்கிலீஷ் சொல்லித் தாருங்கள் என்று கேட்டாள். பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் அந்த வீட்டுக்கே வந்து சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவாள்.

கைருன்னிஸாவின் புருஷன் நூகு பினாங்குக்குக் கப்பலேறியவர், திரும்பவே இல்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நாகப்பட்டினம் சாலையில், வருகிறவர்களை எல்லையில் நிறுத்திச் சோதித்த சுங்கச் சாவடியை எடுத்த அன்று ஊரே வெடி போட்டுக் கொண்டாடியது. இவள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாளாம். 'பாவம், கூட நின்னு பாக்க மனுசன் இல்லியே' என்றார்கள்.

ஆஸியா பீவியிடம் டீச்சர் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். "அந்தப் பேச்சை மட்டும் அவகிட்ட எடுக்காதீங்க டீச்சர். அப்புறம் ராத்திரியெல்லாம் கண்ணை மூட மாட்டா" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

பாடம் நடக்கும்போது வாசலில் ஒரு நிழல் ஆடினால் போதும், கைருன்னிஸாவின் கை நின்றுவிடும். "யாரோ கூப்புட்ட மாதிரி இல்லீங்க?" என்பாள். ஒன்றும் கேட்டிருக்காது. ஆனாலும் டீச்சர் ஒருமுறை வாசலை எட்டிப் பார்ப்பாள். கடல் கொண்டுபோனவன் இந்த வீட்டைச் சுற்றி வருகிறானோ என்று தோன்றும்.

அன்றைய பாடத்தை டீச்சர் மறுபடி எடுத்தாள்.

"கண்டுபிடின்னு நமக்கு ஒரே சொல்லு. அவங்களுக்குத் தனித்தனி. தொலைஞ்ச பொருளோ ஆளோ கிடைச்சா ஃபைண்ட். விசாரிச்சு ஒரு சேதியைத் தெரிஞ்சுக்கிட்டா ஃபைண்ட் அவுட். அதுவரைக்கும் யாருக்குமே தெரியாம இருந்தது தெரியவந்தா டிஸ்கவர்."

"ஒருத்தர் எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா?"

"அது ஃபைண்ட் அவுட்."

"தெரிஞ்சுக்கிட்டு வந்து ஆளைக் கண்டுபிடிச்சுட்டா?"

"அது ஃபைண்ட்."

"அப்ப மொதல்ல ஃபைண்ட் அவுட். பொறவுதான் ஃபைண்ட்" என்று அவள் மெல்லச் சொல்லிக்கொண்டாள்.

அதற்கு மேல் டீச்சருக்குப் பொறுக்கவில்லை. அவள் தம்பி தெட்சிணாமூர்த்தி நாகப்பட்டினம் துறைமுகத்தில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவனிடம், "பினாங்கு கப்பல்ல வர்றவங்ககிட்ட நூகுன்னு ஒருத்தரைப் பத்தி விசாரிடா. புண்ணியமாப் போகும்" என்றாள்.

மறுவாரம் அவன் சிரித்த முகமாக வந்தான்.

"கப்பல்ல தேடவே வேணாம்க்கா. ஆள் நாகப்பட்டினத்துலயே இருக்கார். பொண்டாட்டி எங்க இருக்கான்னு தெரியாம அவரும் ஊர் ஊரா அலைஞ்சிருக்கார். நான் பேரைச் சொன்னதும் கையைப் புடிச்சவர்தான், விடவே இல்ல. வீட்டு அடையாளம் சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காரோட வந்து கூட்டிட்டுப் போறேன்னார்."

வெள்ளிக்கிழமை டீச்சர் ஒரு பந்து மல்லிகைப் பூ வாங்கிக்கொண்டு வந்தாள். கைருன்னிஸாவிடம் மூச்சுவிடவில்லை, நேரில் பார்க்கும்போது அந்த முகம் எப்படி மலரும் என்று பார்க்க ஆசை. பஸ் வந்தது, போனது. கைருன்னிஸா ஜன்னலிலிருந்து திரும்பி வந்து எழுத உட்கார்ந்தாள்.

முதல் வாக்கியமே தப்பு. சாவி அம்மாவைக் கண்டுபிடித்ததாக எழுதியிருந்தாள். டீச்சர் சிரித்தாள். "தமிழ் மாதிரி இல்லம்மா. இங்கிலீஷ்ல இடம் மாறினா அர்த்தமே தலைகீழாயிடும். கண்டுபிடிக்கிறவங்க முன்னால வரணும், கிடைச்சது பின்னால. சரி, உன் சொந்த விஷயத்தை வச்சு ஒண்ணு எழுது பாப்போம்."

கைருன்னிஸா பலப்பத்தைக் கையில் எடுத்தபோது தெருவில் ஒரு கார் வந்து நின்றது. வாசற்படியில் செருப்புச் சத்தம்.

"கைருன்னிஸா..." என்று ஒரு ஆண்குரல், மிக மெதுவாக, அன்பாகக் கூப்பிட்டது.

அவள் ஓடவில்லை. எழுந்திருக்கக்கூட இல்லை. சிலேட்டில் நிதானமாக எழுதி, டீச்சர் பக்கம் திருப்பினாள்.

ஹி ஃபவுண்ட் மீ.

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில் பெண்ணுக்கு மறுபடியும் இடம் மாறிவிட்டதே என்று நினைத்துக்கொண்டு, பலப்பத்தை வாங்கி 'ஐ ஃபவுண்ட் ஹிம்' என்று திருத்தினாள்.

கைருன்னிஸா குனிந்து, திருத்தியதை உள்ளங்கையால் அழித்தாள். முக்காடு நழுவியது. காதுக்குக் கீழே தொடங்கிக் கழுத்து வரைக்கும் ஒரு பழைய வெட்டுத் தழும்பு. டீச்சர் அதை இதுவரை பார்த்ததில்லை.

"இல்லீங்க டீச்சர். நான் எழுதுனதுதான் சரி."