பதினைந்தே நாளில் தீர்ந்த மாத்திரை

நர்ஸ் குணபூசணிக்குப் பொறுமை போயே போய்விட்டது. கிள்ளானிலிருந்து வரும் மருதாயிக்குக் கொடுக்கும் ஒரு மாத மாத்திரை பதினைந்தே நாளில் தீர்ந்துவிடுகிறது.

"போன தடவை எலி தின்னுச்சு. அதுக்கு முன்ன லோங்காங்கு சாக்கடையில விழுந்துச்சு. இப்ப என்ன கதை?"

"பாதியைப் புஷ்பவல்லிக்குக் கொடுத்துட்டேன் மிஸ்ஸி."

மருதாயிக்கும் புஷ்பவல்லிக்கும் ஒரே நாளில்தான் மார்பில் புற்றுக்கட்டி ஆப்பரேஷன் நடந்தது; பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

குணபூசணி தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அக்கா! உங்க கட்டியில ஹார்மோனைப் புடிக்கிற புரதம் இருந்துச்சு, இந்த மாத்திரை கேக்கும். அவங்க கட்டியில அது இல்ல லா! வருசம் பூரா முழுங்கினாலும் கேக்காது. இதுகூடவா தெரியாது?"

"தெரியும் மிஸ்ஸி, அவ புருசன் சொன்னாரு. 'எனக்கு மட்டும் ஏன் மாத்திரை தரல'ன்னு தினம் கேக்கிறா. கேக்காதுன்னு அவளுக்குத் தெரிய வேணாம்னுதான் கொடுக்கிறேன்."