கழுத்தின் நிறம்

தலையில்லாத குதிரைவீரன் ஒருவன் பள்ளி ஆசிரியரைத் துரத்தும் அமெரிக்கப் பேய்க்கதைக்கு பிலோமினா மூன்று முறை அட்டைப்படம் வரைந்தாள். மூன்றையும் பதிப்பாளர் திருப்பி அனுப்பினார். "அந்தக் கழுத்து ஏதோ உடைஞ்ச பானை மாதிரி இருக்கும்மா. பார்த்தா வயித்தைப் புரட்டணும்" என்றார்.

அந்த வாரமே அவள் தங்கையின் கணவன் சேவியர் லாரியில் அடிபட்டு இறந்தான். அடையாளம் காட்டத் தங்கைக்குத் தெம்பில்லாததால் பிணவறைக்குள் பிலோமினா போனாள். ஊழியர் துணியை விலக்கினார். தோளுக்கு மேல் எதுவும் இல்லை. விரலில் இருந்த மோதிரத்தைப் பார்த்து, "இவர்தான்" என்றாள். அதோடு திரும்பி வந்திருக்கலாம். ஆனால் கழுத்தின் விளிம்பில் கறுப்பு, உள்ளே நாவற்பழக் கறை, ஓரத்தில் ஈரமான மஞ்சள் என்று மனம் குறித்துக்கொண்டே போனது.

"போதும்மா, வாங்க" என்று ஊழியர்தான் மூடினார்.

அடக்கம் முடிந்த மறுநாள் உட்கார்ந்த இடத்திலேயே படத்தை முடித்து அனுப்பினாள். பதிப்பாளர் உடனே கூப்பிட்டார். "யப்பா! கையில எடுத்த இட்லியை அப்படியே வச்சுட்டேம்மா. எங்கேருந்து புடிச்சீங்க இதை?"

பிலோமினா குளியலறைக்கு ஓடினாள். குடல் வெளியே வருவதுபோல் வாந்தி எடுத்தாள். தன் கையைத் தன் வாயருகே கொண்டுபோகவே அருவருப்பாக இருந்தது. அடக்கத்துக்குப் பிறகு அவளுடனேயே தங்கியிருந்த தங்கை சத்தம் கேட்டு ஓடிவந்து அவள் தலையைத் தாங்கிப் பிடித்து முதுகைத் தடவினாள்.

"அழுதுடுக்கா. எனக்காக எவ்வளவுதான் அடக்கி வச்சிருந்தியோ."

பிலோமினா மறுக்கவில்லை.