ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம்

சரியாக ஐந்து பன்னிரண்டுக்கு அம்மா செத்துவிடுவாள். எலக்ட்ரீஷியன் மூன்றாவது தடவையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டான்.

"டார்ச் எடுத்து வச்சிட்டியா?" என்று சமையலறை வாசலில் நின்ற மனைவியிடம் கிசுகிசுத்தான்.

"வச்சாச்சு. இதெல்லாம் தேவைதானாங்க?"

"சின்னப் பிள்ளை மனசுடி. தாங்காது."

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கூடத்தில் ஜன்னல் திரையெல்லாம் இழுத்துவிட்டு, தியேட்டர் மாதிரி இருட்டில், ஏழு வயது மகள் சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். டிவியில் ஒரு நீர்நாய்க்குட்டி தன் அம்மாவின் வயிற்றில் படுத்தபடி ஆற்றில் மிதந்துகொண்டிருந்தது. சாகப்போவது அந்த அம்மாதான்.

எலக்ட்ரீஷியன் இந்தப் படத்தை வெள்ளிக்கிழமையே பார்த்து வைத்திருந்தான். அவன் வேலை செய்யும் பதினாலு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், செல்போனில். இறங்கி வந்தபோது சூப்பர்வைசர் பிடித்துக்கொண்டார்.

"என்னய்யா, கண்ணு ரெண்டும் இப்படிச் சிவந்திருக்கு?"

"தூசி சார்."

"இன்னிக்குக் காலையிலதானே அந்த ரூமைக் கூட்டினாங்க?"

"கூட்டினதுல கிளம்பின தூசி சார்."

படமே வேண்டாம் என்று மகளிடம் சொல்லிப் பார்த்தான். நடக்கவில்லை. "எங்க கிளாஸ்ல எல்லாரும் பார்த்தாச்சுப்பா. நாம சேர்ந்து பார்க்கணும்" என்று ஒரே பிடிவாதம்.

போன வருஷம் இப்படித்தான் ஒரு மான் படம். அம்மா மான் விழுந்த கணத்தில் மகளின் கண்ணைப் பொத்தி, "அது வேற காட்டுக்கு வேலைக்குப் போயிருக்கும்மா" என்று உளறிவிட்டான். அன்றிலிருந்து மாதம் ஒரு கடிதம், மான் எழுதுவதாக, இடது கையால் எழுதிக்கொண்டிருக்கிறான். கடைசிக் கடிதத்தில் மானுக்குப் பதவி உயர்வே வந்துவிட்டது. இனி நீர்நாய்க்கும் சேர்த்து எழுதுவதென்றால் ஆள் வைத்துத்தான் எழுத வேண்டும்.

அதனால்தான் இந்தத் தடவை தொழில்முறையில் இறங்கிவிட்டான். மெயின் ஸ்விட்ச்.

"அப்பா, இங்க வந்து உட்காருங்க" என்றாள் மகள். அவன் உட்காரும் இடத்தில் ஒரு கைத்துண்டை மடித்து வைத்திருந்தாள். டிவியில் தவளை வழுக்கி விழுந்தது. அது வழுக்குவதற்கு அரை நொடி முன்பே மகள் சிரித்துவிட்டாள். என் பிள்ளைக்கு என்ன வேகமான மூளை என்று எலக்ட்ரீஷியன் பூரித்துப்போனான்.

ஐந்து பத்து. "மெயின் பாக்ஸ்ல ஏதோ சத்தம் கேக்குது. பார்த்துட்டு வரேன்" என்று எழுந்து நடைக்கு வந்தான். உள்ளே வெள்ளத்தின் இரைச்சல். பிறகு ஒற்றை வயலின். வயலின் தொடங்கினால் இருபது நொடிதான் என்பது அவனுக்கு மனப்பாடம். ஸ்விட்சைக் கீழே தள்ளினான்.

"அடடா, கரண்ட் போச்சே!" என்று சொல்லிக்கொண்டே டார்ச்சோடு வந்து உட்கார்ந்தான். ஊர் மேடையில்கூட அந்த நடிப்புக்கு இடம் கிடைத்திருக்காது. "கரண்ட் வர்றதுக்குள்ள கொஞ்சம் படம் ஓடிப்போயிடும். பரவாயில்ல, நான் கதை சொல்றேன். அந்த அம்மா நீர்நாய்க்கு வேற ஆத்துல ஒரு வேலை கிடைச்சு..."

"மான் அம்மாவோட ஆபீஸ்லயாப்பா?"

"ஆ... ஆமா. பக்கத்து செக்‌ஷன்."

சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்தது. மனைவி இருமினாளா, சிரித்தாளா தெரியவில்லை.

பத்து நிமிடம் கழித்து, வெற்றி வீரனாக நடைக்குப் போய் ஸ்விட்சை மேலே தூக்கினான். விளக்கு எரிந்தது. மின்விசிறி சுற்றியது. டிவி கண் விழித்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாமா என்று மரியாதையாகக் கேட்டது. மகள் ஒரு பொத்தானை அமுக்கினாள்.

ஒற்றை வயலின்.

எலக்ட்ரீஷியனுக்கு வியர்த்துவிட்டது. பதினெட்டு வருஷமாகக் கரண்டை நிறுத்தியும் விட்டும் பிழைக்கிறவன். கரண்ட் போனால் லிஃப்ட் நிற்கும், பம்ப் நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். இந்தக் காலத்தில் படமும் நமக்காக நின்று காத்திருக்கும் என்பது மட்டும் உறைக்கவில்லை. அவன் சின்ன வயதில் பார்த்த டிவியில், கரண்ட் வருவதற்குள் சாகிறவர்களெல்லாம் ஒழுங்காகச் செத்து முடித்திருப்பார்கள்.

மறுபடி அணைத்தான். மூச்சு வாங்கிக்கொண்டு போட்டான். மறுபடி வயலின். மூன்றாம் முறையாக ஸ்விட்சில் கை வைத்தபோது உள்ளே சத்தம் சட்டென்று நின்றது.

நடையின் முனையில் மகள் நின்றாள். ஒரு கையில் ரிமோட், மறு கையில் அந்தக் கைத்துண்டு.

எலக்ட்ரீஷியன் மண்டிபோட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "என்னடா கண்ணு, பயமா இருக்கா? அழுகை வருதா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள். துண்டை அவன் கையில் திணித்தாள். பிறகு, எத்தனையோ நாள் அவன் அவளுக்குச் செய்ததுபோல, அவன் தலைமுடியை மெல்லக் கோதிவிட்டாள்.

"நீங்க இங்கயே நில்லுங்கப்பா. அம்மா செத்து முடிச்சதும் கூப்பிடுறேன்."