அறுபதாவது கை

"சில்லுன்னு இருக்காய்யா?"

பஸ் டிரைவரின் இடது கையில் ஐஸ் துண்டை வைத்துக் கேட்டாள் மயக்க மருந்து டாக்டரம்மா. இல்லை என்று தலையாட்டினார். முழங்கை மடிப்பின் உள்பக்கம் வைத்தபோது மட்டும் கொஞ்சம் யோசித்தார். பிறகு அங்கேயும் இல்லை என்றார்.

அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. இனி டயாலிசிஸ்தான். அதன் ஊசியைத் தாங்குவதற்காக அந்த மடிப்பில் ஒரு ரத்தக்குழாயை இன்னொன்றோடு இணைக்க வேண்டும். ஆளைத் தூங்க வைக்காமல் கையை மட்டும் மரத்துப்போக வைத்துச் செய்வார்கள்.

எங்கே ஊசி போட்டால் கை நன்றாக மரத்துப்போகும் என்பதில்தான் அவளுக்கும் பெரிய டாக்டருக்கும் இரண்டு வருஷமாக இழுபறி. காறையெலும்புக்கு மேலே என்பார் அவர். அக்குளில் என்பாள் இவள். பார்த்துவிடலாம் என்று இறங்கியாயிற்று. அறுபது பேர், அறுபது ஒட்டிய உறைகள். உறைக்குள் எழுதியிருக்கிற இடத்தில் ஊசி போட வேண்டும். அறுக்கும்போது வலித்தால் சர்ஜன் அறுக்கிற இடத்திலேயே இன்னொரு ஊசி போட்டு வலியை அடக்கிவிடுவார். ஆனால் அது தோல்வி என்று எழுதியாக வேண்டும்.

டிரைவர் அறுபதாவது ஆள். உறையில் அக்குள் என்றிருந்தது.

அக்குள் நூலிழையில் முந்தியிருந்தது. அவளால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. காலையில் கை கழுவும்போதே நர்ஸைப் பிடித்துக்கொண்டாள். "இந்தக் கடைசி ஆளு மட்டும் வலிக்குதுன்னு சொல்லாம இருக்கணும் சிஸ்டர். சொன்னாருன்னா ரெண்டு வருஷ உழைப்பும் போச்சு."

சர்ஜன் தோலில் கத்தியை வைத்தார்.

டிரைவர் மேலே விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எழுந்து, காலடியில் சுருண்டு கிடந்த போர்வையை இழுத்து அவருடைய இரண்டு கால்களையும் மூடினாள். ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகினாள். தியேட்டரில் ஏசி எப்போதுமே கொஞ்சம் அதிகம்தான்.

"வலி எத்தனைங்கய்யா? பத்துக்குப் பூஜ்யம்தானே?"

இப்படிக் கேட்கவே கூடாது. பதிலை நாமே ஊட்டிவிடக் கூடாது என்று மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறவளே அவள்தான்.

"பூஜ்யம்தாம்மா."

தாளில் எழுதிக்கொண்டாள்.

ஐம்பது நிமிஷத்தில் வேலை முடிந்தது. தையலுக்கு மேலே விரல் வைத்தால் இணைந்த குழாய் விர்ரென்று அதிர்ந்தது. சர்ஜனுக்கு வாயெல்லாம் பல். அவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் வார்டுக்குப் போனாள். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் கிடத்தியிருந்த டிரைவர் அவளைக் கண்டதும் எழப் பார்த்தார்.

"அறுபதும் நல்லபடியா முடிஞ்சுதாம்மா? கதவு திறந்திருந்துச்சு, நீங்க சிஸ்டர்கிட்ட சொன்னது காதுல விழுந்துச்சு. என்னால உங்க உழைப்பு வீணாப் போகக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன். அந்த நேரத்துலயும் கால் குளிரும்னு போர்த்தி விட்டீங்களே, பெத்த மக கூட இப்படிப் பாக்க மாட்டாம்மா."

அவளுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது.

அவள் குளிருக்காகப் போர்த்தவில்லை.

கத்தி பட்ட கணத்தில், பஸ்ஸுக்குக் குறுக்கே குழந்தை ஓடிவந்துவிட்டதுபோல, அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை ஓங்கி மிதித்தது. மிதித்த கால் எழவேயில்லை. சர்ஜன் திரும்பிப் பார்த்திருந்தால் கத்தியைக் கீழே வைத்திருப்பார். அதனால்தான் மூடினாள்.

கோட்டுப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். பூஜ்யத்தை அடித்தாள். வெட்கத்தில் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"நிஜமா எத்தனைங்கய்யா?"

டிரைவர் தாளைப் பார்த்தார். அவள் பிடித்திருந்த பேனாவைப் பார்த்தார்.

"எத்தனைன்னு போட்டா உங்களுக்குத் தோதா இருக்கும்மா?"