படகுச் சாவி

வண்டியின் இடப்பக்கக் கண்ணாடியை டேப் சுற்றி நிறுத்திவிட்டு, நேவென்கா தள்ளி நின்று பார்த்தாள். தேவாலயத்துச் சந்தில் திரும்பும்போது சுவரில் உரசிவிட்டது. "சந்து அவ்வளவு குறுகல்," என்றாள், ரொட்டிக்கடை வாசலில் நின்றவர்களிடம், யாரும் கேட்காமலே.

தெற்குக் காற்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. கடலும் வானமும் ஒரே ஈய நிறம். இந்தக் காற்று அடிக்கும் நாளில் தீவில் யாரும் நல்ல செய்தியை எதிர்பார்ப்பதில்லை.

அது கண் பரிசோதனை வண்டி. தடுப்புச் சுவரில்லாத மலை விளிம்புப் பாதையில் அவளே ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவாள். கண்ணின் உட்புறத்தைப் படம் எடுத்து ஸ்ப்ளிட் நகரத்து டாக்டருக்கு அனுப்புவாள். மூளைக்குப் போகும் கண் நரம்பு கெட்டிருந்தால் படம் காட்டிக்கொடுத்துவிடும்.

உள்ளே போய்க் கருவியை இயக்கினாள். முகவாயைத் தாங்கியில் வைத்தால் போதும், அதுவே கண்ணைத் தேடிப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளும். லென்ஸில் தூசி இருக்கிறதா என்று பார்க்க, காலையில் முதலில் தன் இடது கண்ணையே ஒரு படம் எடுத்துப் பார்த்து அழித்துவிடுவது அவள் வழக்கம்.

வெளிச்சம் பளிச்சென்று அடித்த அதே நொடியில் கதவு திறந்தது.

"ஏம்மா, ஆளு கிடைக்காம உன்னையே படம் புடிச்சுக்கிறியா?"

பார்ட்டுல், காகிதத்தில் சுற்றிய மீனோடு நின்றிருந்தார். காற்றில் கதவு படார் படாரென்று அடித்தது. அவள் எழுந்து ஓடிப்போய்க் கதவைச் சாத்தி, அவரைக் கருவியின் முன்னால் உட்காரவைத்தாள்.

எழுபதைத் தாண்டியும் தனியாகப் படகில் போய் வலை போடுகிறவர் அவர். ஸ்ப்ளிட்டில் இருக்கும் மகள் போனில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: கண் சரியில்லை என்று டாக்டர் சொன்னால் படகை விற்றுவிட்டுத் தன்னோடு மாடிக் குடியிருப்பில் வந்து இருந்துவிட வேண்டும். அந்த வீட்டு ஜன்னலில் கார் நிறுத்துமிடம்தான் தெரியும்.

"மீனு உனக்குத்தான். ஆனா படம் நல்லா வந்தாத்தான்," என்றார்.

"லஞ்சம் வாங்கினா என் வேலை போயிடும், மாமா. ஆடாம இருங்க."

வெளிச்சம் ஒரே ஒரு தரம் பளிச்சிட்டது. அவ்வளவுதானா என்று கேட்டார். அவ்வளவுதான் என்றாள். அவர் பெயரை அடித்து அனுப்பிவிட்டு, பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றி அவர் பக்கத்தில் வைத்தாள். இடக்கைப் பக்கம் இருந்த கோப்பையை அவர் கழுத்தை முழுக்கத் திருப்பித் தேடி எடுத்தார்.

காப்பி தீருவதற்குள் போன் அடித்தது. பேசியது டாக்டர் லோவ்ரே. அவருடைய குரலிலேயே ஏதோ இருந்தது. நோயாளி பக்கத்தில் இருக்கிறாரா என்று தயங்கினார்.

"ஸ்பீக்கர்ல போடு. என் கண்ணு, என் காதுல விழட்டும்," என்றார் பார்ட்டுல்.

"நரம்பு பாதிக்கு மேல செத்துப்போச்சு," என்றார் டாக்டர். "போனது போனதுதான். மிச்சத்தைக் காப்பாத்தணும்னா உடனே இங்க வரணும்."

நேவென்கா மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"வலி கிலி ஒண்ணும் இல்லியே," என்றார் பார்ட்டுல். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"அதுதான் இதுல மோசம். ஓரத்துலேர்ந்து சத்தமில்லாம தேயும். பக்கத்துல ஒண்ணு இருக்கிறதே கண்ணுல படாது. போய் இடிச்சுட்டு, இடம் பத்தலைன்னு சொல்லுவாங்க."

இனித் தனியாகப் படகெடுக்கக் கூடாது, சாவியை இப்போதே வாங்கி வைத்துக்கொள் என்று நேவென்காவிடம் சொன்னார் டாக்டர். காற்றில் வண்டி ஒருமுறை அசைந்து நின்றது. ஜன்னலுக்கு வெளியே, துறையில் கட்டியிருந்த படகு கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. பார்ட்டுல் அதையே பார்த்தபடி இருந்தார்.

அவர் முகத்தைப் பார்க்காமலே கையை நீட்டினாள்.

"கோவிச்சுக்காதீங்க, மாமா. படகுச் சாவியக் குடுங்க."

அவர் தக்கை கட்டிய சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

டாக்டருக்கும் மனது கேட்கவில்லை போலிருக்கிறது. "ரொம்ப உடைஞ்சுபோயிடாதீங்க, பெரியவரே. வலது கண்ணு சின்னப் பையன் கண்ணாட்டம் சுத்தமா இருக்கு. இடதுதான் இப்படி."

சாவியை எடுக்கப் போன நேவென்காவின் கை அப்படியே நின்றுவிட்டது.

பார்ட்டுல் அவளைப் பார்த்தார். பிறகு ஒரு விரலை மடக்கி, தன் இடது கண்ணை நகத்தால் தட்டினார். காப்பிக் கோப்பையைத் தட்டியதுபோல் 'டிக்' என்றது. இளவயதில் வெடி போட்டு மீன் பிடித்தபோது போன கண் அது. அந்தக் குழியில் இருந்தது வெறும் கண்ணாடி. அவள் படம் எடுத்தது அவருடைய வலது கண்ணை மட்டும்தான். காலையில் எடுத்த முதல் படத்தை அவள் அழிக்கவே இல்லை.

போனில் டாக்டர் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பார்ட்டுல் தன் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். வெளியே, டேப் சுற்றிய கண்ணாடி காற்றில் சுவரோரம் ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவளிடம் கையை நீட்டினார்.

"வண்டிச் சாவியக் குடும்மா."