அந்தமான் கார்டு

காய்கறிக் கடையில் ஞானசேகர் போனை நீட்டினார். எந்தக் கார்டில் கொடுத்தால் அவருக்கு லாபம் என்று போனே பார்த்துத் தேர்ந்தெடுத்துவிடும். கையில் கட்டிய வாட்ச் நாடி பிடித்துச் சொல்வதையும் அது கேட்டுக்கொள்ளும்.

"தமயந்தி, இங்க பாரு! உடனே நாப்பது ரூபா தள்ளுபடி!"

மனைவி எட்டிப் பார்த்தாள். இத்தனை நாளும் அவர் போன் எடுத்தது அந்தமான் கார்டைத்தான். அதில் சேரும் புள்ளிகளுக்கு மூன்று வருஷம் கழித்துத்தான் அந்தமானுக்கு விமான டிக்கெட். இரண்டு பேரும் போவதாக இருந்தார்கள். இன்று அது கைமேல் காசு தரும் கார்டுக்குத் தாவியிருந்தது.

"ஏங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"எனக்கென்ன கேடு? கல்லுக்குண்டாட்டம் இருக்கேன். வா, மிச்சமான காசுல உனக்கு மல்லிப்பூ வாங்கித் தரேன்."

"அந்தக் காசு வேண்டாம். நானே குடுக்கறேன்."

பூக்கடையில் தமயந்தி தன் போனை நீட்டினாள். அந்தமான் கார்டுதான் வந்தது. டிக்கெட் இரண்டு என்று எப்போதும் காட்டும் இடத்தில் ஒன்று என்றிருந்தது.

"திரும்பு, நானே வெச்சு விடறேன்" என்றார் அவர், பூவோடு.